அயலார் வேலியும் தேன்பெட்டியும்

சென்ற ஆண்டுக் கோடையில் எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கம் கூடி, இத்தெருவின் எல்லைக்குள் எவரும் தேனீ வளர்த்தலாகாது என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. கூட்டத்துக்கு வந்திருந்தோர் பத்தொன்பதின்மர். எதிர்த்துக் கை தூக்கியவன் யான் ஒருவனே. தெருவில் தேன்பெட்டி வைத்திருந்தவனும் யான் ஒருவனே ஆதலின், என் எதிர்ப்பைச் சுயநலம் என்று கொண்டு சபையோர் புன்னகை செய்து அடுத்த விஷயமாகிய சாக்கடைக்குச் சென்றனர்.

அன்று எனக்குக் கோபம் மிகுதி. வீட்டுக்கு வந்து, கூட்டத்தாரின் அறியாமையைப் பற்றி நீண்டதொரு கட்டுரை எழுதத் தொடங்கினேன். மூன்று பக்கம் எழுதியபின் அதைக் கிழித்துவிட்டேன். காரணம், எனக்கெதிராக முதலில் முறையிட்ட அண்டை வீட்டு அம்மையார் கூறியவற்றை ஒவ்வொன்றாக எழுதி மறுக்கப் புகுந்தபோது, அவற்றுள் பாதிக்குமேல் உண்மை என்பது எனக்கே விளங்கியது. எழுதிப் பார்த்தாலன்றிச் சில உண்மைகள் புலப்படுவதில்லை.

அம்மையார் சொன்னவை இவை. பங்குனி வெயிலில் அவர் கொல்லைப்புறத்துக் குழாயடியில் காலையிலிருந்து மாலைவரை தேனீக்கள் மொய்க்கின்றன. பாத்திரம் துலக்கும் பெண் இருமுறை கொட்டுப்பட்டாள். கொடியில் உலர்த்திய வெள்ளை வேட்டிகளிலும் சேலைகளிலும் மஞ்சட் புள்ளிகள் விழுகின்றன, வெளுத்தாலும் போவதில்லை. இரவில் சமையலறை விளக்கை நாடிச் சில ஈக்கள் வந்து தரையில் விழுந்து கிடக்கின்றன; குழந்தை மிதித்துவிடுமோ என்று அச்சமாயிருக்கிறது. கடைசியில் அவர் என்னைப் பார்த்து, "ஐயா, உங்கள் ஈக்குத் தண்ணீர் வைக்க உங்கள் வீட்டில் ஒரு சட்டி இல்லையா?" என்று கேட்டார். அக்கேள்விக்கு அன்றும் என்னிடம் விடையில்லை, இன்றும் இல்லை. தேனீ கூட்டைக் குளிர்விக்கவும் குஞ்சுகளுக்கு உணவு கரைக்கவும் வெயிற்காலத்தில் ஓயாது நீர் சுமக்கும் என்பதை யான் புத்தகத்தில் படித்திருந்தேன். படித்தும் சட்டி வைக்கவில்லை. மஞ்சட் புள்ளியோ, தேனீ கூட்டுக்குள் மலங்கழிக்காது வெளியே பறக்கும்போதே கழிப்பதால் வருவது. பெட்டியின் வாயில் அவர் கொடியை நோக்கியிருந்தது. அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்க ஓர் இரவு வேலை போதும். அதையும் செய்தேனில்லை.

ஆகவே பிழை என்னுடையது என்று ஒப்புக்கொண்டே இதை எழுதுகிறேன். எனினும் தீர்மானம் தவறானது என்பதே என் துணிபு.

ஆடு மாடுகளைப் பற்றி விதி செய்வது எளிது. வேலி போடு, கட்டி வை, அயலான் பயிரை மேய்ந்தால் பட்டியில் அடை என்று சொல்லிவிடலாம். தேனீக்கு வேலியில்லை. நம் நாட்டு இந்தியத் தேனீ இரை தேடி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம் செல்லும். ஐரோப்பியத் தேனீ அதனினும் சேய்மை செல்லும். என் வீட்டு ஈ எந்த வீட்டு முருங்கையில் தேனெடுத்தது என்று எந்த நீதிபதியும் சொல்ல இயலாது. உடைமையாகவும் இருந்து, உடையவன் ஏவலுக்கு அடங்காமலும் இருக்கிற இந்தப் பிராணியைச் சட்டத்துக்குள் எப்படி அடக்குவது என்பது பழைய வழக்கு. ஆதென்ஸ் நகருக்குச் சட்டம் வகுத்த சோலோன், ஒருவன் கூடுகள் வைத்திருக்கும் இடத்திற்கு முந்நூறு அடிக்கு அப்பாலேயே மற்றொருவன் கூடு வைக்கவேண்டும் என்று விதித்ததாகப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். கவனிக்க: அவ்விதி கொட்டுதலைப் பற்றியதன்று, தேன் வளர்ப்போர் இருவரின் போட்டியைப் பற்றியது. அக்காலத்து ஆதென்ஸ் நகரத்தார் கொட்டுக்கு அஞ்சினரோ இல்லையோ, வருவாய்க் குறைவுக்கு அஞ்சினர் போலும்.

உரோமர் வேறு வழி சென்றனர். தேனீ இயல்பில் காட்டுயிர். கூட்டில் அடைத்த வரைதான் அது ஒருவனுடையது. பிரிந்து பறக்கும் கூட்டம் உடையவன் கண்ணுக்குத் தெரியும் வரையிலும், பின்தொடர்ந்து பிடிக்க இயலும் வரையிலும் அவனுடையதாகவே இருக்கும். அதன்பின் பிடித்தவனுக்குச் சொந்தம் என்று ஜஸ்டினியன் காலத்துச் சட்ட நூல் கூறுகிறது. இக்கொள்கையை ஒட்டியே 1900-இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மானியச் சிவில் சட்டம் தேனீக்கூட்டத்திற்கென்றே நான்கு பிரிவுகளை ஒதுக்கியிருக்கிறது. தன் கூட்டம் பிரிந்து போனால் அதைத் துரத்திக்கொண்டு ஒருவன் அயலான் நிலத்துக்குள் புகலாம்; ஆனால் புகுந்ததால் விளைந்த சேதத்துக்கு ஈடு கொடுக்கவேண்டும். இவ்விரண்டையும் ஒரே பிரிவில் வைத்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. உரிமையும் கடனும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன.

நிற்க. எங்கள் தெருத் தீர்மானத்துக்கு நேரான வழக்கு ஒன்று அமெரிக்காவில் நடந்திருக்கிறது. ஆர்க்கன்சா மாநிலத்து ஆர்க்கடெல்பியா என்னும் சிற்றூரின் நகரசபை, ஊரெல்லைக்குள் தேனீ வளர்ப்பது பொதுத்தொல்லை என்று விதியெழுதித் தடுத்தது. கிளார்க் என்பவர் தம் கூடுகளை அகற்ற மறுத்தமையால் அவர்மேல் வழக்குத் தொடர்ந்தனர். 1885-இல் தோன்றியிருந்த தேனீ வளர்ப்போர் சங்கம் அவருக்குத் துணை நின்றது. 1889-இல் அம்மாநிலத்து உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் கருத்தாவது: தேனீ வைத்திருத்தல் தன்னளவில் தொல்லையன்று, ஓரிடத்தில், ஒருவன் வைத்திருக்கும் முறையால், அது தொல்லையாகலாம், அப்படி ஆயிற்றா என்பதை அந்தந்த வழக்கில் ஆராய்ந்து தீர்மானிக்க வேண்டுமேயன்றி, ஆராயாமலே எல்லாவற்றையும் தொல்லை என்று நகரசபை பெயரிட்டுவிட முடியாது. நூற்றாண்டுக்கு மேற்பட்ட இத்தீர்ப்பினும் தெளிவாக யானொன்றும் சொல்லிவிடப் போவதில்லை. என் பெட்டி தொல்லையாயிருந்தது, அது உண்மை. பெட்டி என்பதே தொல்லை என்பது பொய்.

அயர்லாந்தில் 1903-இல் தீர்ந்த மற்றொரு வழக்கும் உண்டு. அதையும் சொல்லாமல் விட்டால் யான் ஒருதலையாகப் பேசியவனாவேன். அயலான் முற்றத்துக்கு அருகே இருபது கூடுகள் வரை வைத்திருந்தவர்கள், அங்கே ஈக்கள் கிளர்ந்து கொட்டியதால் விளைந்த தீங்குக்குப் பொறுப்பாளர் என்று அங்கு முடிவாயிற்று. இத்தனை கூடுகளை இத்தகைய இடத்தில் வைத்தது நியாயமன்று என்பதே காரணம். இரண்டு தீர்ப்பையும் சேர்த்துப் படிப்பவர்க்கு விதி எங்கே நிற்கவேண்டும் என்பது புலனாகும்.

பெருநகரங்களும் இப்பாடத்தைச் சுற்றிச் சுற்றியே கற்றன. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1879-இல் தேனீ வளர்ப்பைத் தடுத்தது. தேனீ பழங்களைக் கெடுக்கிறது என்பது அக்காலத்தார் எண்ணம். தேனீ வந்தாலன்றிப் பழமே இல்லாத மரங்களுக்குத் தேனீயே பகை என்று கருதினர்! நியூயார்க்கு நகரமோ, 1999-இல் புலி, கரடி, நச்சுப்பாம்பு முதலியவற்றோடு தேனீயையும் ஒரே பட்டியலில் அடைத்து வீட்டில் வைக்கலாகாது என்றது. தடை இருந்த காலத்தில் வளர்ப்பு நின்றதா? இல்லை, மாடி மேல் மறைந்தது. மறைவில் வைத்தவன் அயலானிடம் சொல்லமாட்டான். நோய் கண்டால் அதிகாரியிடம் காட்டமாட்டான். கூட்டம் பிரிந்து தெருவிளக்கில் தொங்கினால் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளமாட்டான். 2010 மார்ச்சு மாதத்தில் நியூயார்க்கு அத்தடையை நீக்கிற்று. ஐரோப்பியத் தேனீ ஒன்றையே வைக்கலாம், வைப்பவர் சுகாதார இலாகாவில் பதிவு செய்யவேண்டும் என்று விதித்தது. லாஸ் ஏஞ்சலஸ் 2015-இல் தடையை எடுத்துவிட்டு, 2,500 சதுர அடி மனைக்கு ஒரு கூடு, எல்லையிலிருந்து இத்தனை அடி தள்ளி, மனைக்குள்ளேயே நீர்த்தொட்டி என்று வகுத்தது. அந்நீர்த்தொட்டி விதியைப் படித்தபோது அண்டை வீட்டு அம்மையாரின் சட்டியை நினைத்து வெட்கினேன். பத்தாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள நகரசபையார் சட்டமாக எழுதியதை அவர் ஒரு கேள்வியில் முடித்துவிட்டார்.

இனி நம் ஊர்களுக்கு வருவோம். நம்மிடையே ஒரு பெருங்குழப்பம் உண்டு. தேனீ என்ற ஒரு சொல்லால் பல பிராணிகளைக் குறிக்கிறோம். நீர்த்தொட்டியின் அடியிலும், மாடக்கோயில் விமானத்திலும், உயர்ந்த ஆலமரத்திலும் ஒற்றைப் பெரிய அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. ஆண்டுதோறும் செய்தித்தாளில் இத்தனை பேரைத் தேனீ கொட்டியது என்று வரும் பயங்கரச் செய்திகளிற் பெரும்பாலான அதனால் நேர்ந்தவை. அதைப் பெட்டியில் வளர்க்க இயலாது, எவனும் வளர்ப்பதுமில்லை. புதரில் கையகல அடை கட்டுவது கொம்புத்தேனீ. சுவர்ப் பொந்தில் குடியிருக்கும் கொசுத்தேனீக்குக் கொடுக்கே செயலற்றது. பெட்டியில் வளர்வன அடுக்கடுக்காய்ப் பல அடை கட்டும் இந்தியத் தேனீயும், பிற்காலத்தில் கொணரப்பட்ட இத்தாலியத் தேனீயுமே. எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர், தம் ஊரில் தேனீ கொட்டி மாடு ஒன்று இறந்த கதையைச் சொன்னார்; கேட்ட அனைவரும் என்னைத் திரும்பிப் பார்த்தனர். அது மலைத்தேனீ என்பதை யான் விளக்குமுன் கைகள் உயர்ந்துவிட்டன. எந்த ஈயைப் பற்றி விதி செய்கிறோம் என்று அறியாது விதி செய்வது, ஊரில் நாய் கடித்தது என்பதற்காகப் பூனையைத் துரத்துவதை ஒக்கும்.

கல்லூரி மலரில் எழுதுவதால் ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். தென்னிந்தியாவில் பெட்டித் தேனீ வளர்ப்பு ஒரு மிஷன் கல்லூரியோடு தொடர்புடையது. திருச்சிராப்பள்ளி அர்ச். சூசையப்பர் கல்லூரியைச் சேர்ந்த நியூட்டன் பாதிரியார், 1910-ஐ ஒட்டி, நம் நாட்டுச் சிறிய தேனீயின் அளவுக்குத் தக்க பெட்டி ஒன்றை அமைத்தார். மேனாட்டுப் பெட்டி நம் ஈக்கு மாளிகையாயிருந்தது. இவர் அதைக் குடிசையாக்கினார். ஏழு சட்டம் கொண்ட அப்பெட்டி இன்றும் நியூட்டன் பெட்டி என்றே வழங்குகிறது. 1911 முதல் 1917 வரை அவர் கிராமத்தாருக்கு இத்தொழிலைக் கற்பித்தார். பின்னர் மார்த்தாண்டத்தில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் கிராம புனருத்தாரண நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் அதனை ஏழை வீடுகளின் கொல்லைக்குக் கொண்டு சேர்த்தார். கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் மரம் தளிர்விடும் காலத்தில் இலைக்காம்பிலுள்ள சுரப்பிகளில் தேன் கசியும், மலரே வேண்டாம். அதை நாடிப் பெட்டிகளைத் தோட்டந்தோறும் எடுத்துச் செல்லும் வழக்கம் இங்ஙனம் வளர்ந்தது. அங்கே பெட்டி, வீட்டு முற்றத்தில் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். குழந்தைகள் சுற்றி விளையாடுவர். யாரும் கூட்டம் கூட்டித் தீர்மானம் போடுவதில்லை.

ஆயின் அந்நாட்டிலேயே 1991-92-இல் நேர்ந்தது நினைவிற்குரியது. தாய் சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய் பரவித் தென்னாட்டு இந்தியத் தேனீக் குடும்பங்களிற் பெரும்பாலானவற்றை அழித்தது. புழு அறைக்குள்ளேயே நீர்கட்டிய பைபோல் ஆகி மடியும். நோயுற்ற கூட்டைத் திருட வரும் ஈக்களும், விற்று வாங்கும் பெட்டிகளும் அதைச் சுமந்து செல்லும். பலர் அத்தோடு தொழிலையே விட்டனர். பதிவு எதற்கு என்று கேட்போருக்கு யான் இதையே காட்டுவேன். எங்கெங்கே எத்தனை பெட்டி உண்டு என்று தெரிந்தால்தான் நோய் வந்த நாளில் எச்சரிக்கை அனுப்ப இயலும். பதிவுக்குக் கட்டணம் வாங்குவது மட்டும் கூடாது. கட்டணம் வந்தால் இரசீது வரும். இரசீது வந்தால் அதைக் காட்டச் சொல்லும் ஆள் வருவான். அவனுக்குப் பின்னே வருவது யாது என்பதை நம் நாட்டில் எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை.

அப்படியானால் விதி எவ்வளவு வேண்டும்? மிகச் சிறிதே. பெட்டியின் வாயில் ஆறடிச் சுவரையோ அடர்ந்த வேலியையோ நோக்கட்டும். அப்போது ஈக்கள் எழுந்து மனிதர் தலைக்கு மேலே பறந்து செல்லும். மாடியில் வைப்பதாயின் துணி உலர்த்தும் இடத்துக்கும் தொட்டி ஏணிக்கும் தூரமாக வைக்கட்டும். தேனெடுப்பதை முன்னாளே அயலாரிடம் சொல்லிவிட்டு, மழைமூட்டமில்லாத நாளில், புகைக்கருவியோடு செய்யட்டும். இரண்டு பெட்டிக்குமேல் வீட்டு மனையில் வேண்டாம். நீர் வைக்கட்டும். இங்கு ஒரு சங்கடம் உண்டு. மேனாட்டு விதிகளை அப்படியே பெயர்த்தெழுதுவோர் இதைக் காணார். நம் ஊரில் தேங்கிய தண்ணீர் என்றால் டெங்குக் கொசு. தேனீக்கு வைக்கும் சட்டியும், எறும்பேறாதபடி பெட்டிக் கால்களின் அடியில் வைக்கும் நீர்க்கிண்ணங்களும் கொசுவுக்குத் தொட்டிலாகும். கொசுப்புழு முதிர ஏறக்குறைய ஒரு வாரம் ஆவதால், வாரத்துக்கு இருமுறை கொட்டிக் கழுவிப் புதுநீர் ஊற்றினால் போதும். கிண்ணங்களில் ஒரு துளி எண்ணெய் விடலாம். சட்டியில் கூடாது, அது குடிநீர்.

இவற்றுள் எதுவும் கடினமானதன்று. கடினமானது வேறொன்று. பெரும்பாலோர்க்குத் தேனீக் கொட்டு ஒரு நாள் வீக்கம். மிகச் சிலர்க்கோ அது உயிர்போகும் விஷயம். மூச்சு அடைத்து, இரத்த அழுத்தம் வீழ்ந்து, உடனே அட்ரினலின் ஊசி கிடைக்காவிடில் மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம். அத்தகையவர் பக்கத்து வீட்டில் இருந்தால் என் உரிமை என்னாவது? இதை நெடுநாள் யோசித்தேன். எல்லா ஈயும் என்னுடையதல்ல, அவரைக் கொட்டப்போகும் ஈ மரப்பொந்திலிருந்தும் வரலாம் என்று வாதிக்க வழியுண்டு, வாதம் பிழையுமன்று. ஆயினும் எனக்குப் பெட்டி பொழுதுபோக்கு, அவருக்கு அச்சம் அன்றாடம். மருத்துவர் சான்று உடைய அயலார் கேட்டால் பெட்டி அவ்வீட்டருகிலிருந்து நீங்கவேண்டும் என்பதே என் முடிவு. தேன் வளர்ப்போர் சிலர் இதற்காக என்மேல் வருந்துவர். அவர்கள் தம் வீட்டுப் பிள்ளைக்கு அந்நோய் உண்டென்று ஒரு நாள் எண்ணிப் பார்க்கட்டும்.

தேனீயைக் காப்பதே உலகைக் காப்பது என்று முழங்கி ஆளுக்கொரு பெட்டி வைக்கச் சொல்வாரோடும் எனக்கு உடன்பாடில்லை. இலண்டன் மாநகரில் கூடுகள் அளவுமீறிப் பெருகியதால், இருக்கும் மலர்கள் போதாமல், காட்டுத் தேனீ இனங்கள் நெருக்கப்படுகின்றன என்று கியூ தாவரவியல் பூங்காவார் 2020-இல் எச்சரித்தனர். பெட்டி வைக்குமுன் மரம் வைக்க வேண்டும். புங்கும் வேம்பும் முருங்கையும் தென்னையும் இல்லாத தெருவில் பெட்டி வைப்பவன், உலையில் அரிசியிடாமல் விருந்தினரை அழைத்தவனாவான். எங்கள் தெருவில் சாலையை அகலமாக்கியபோது நான்கு புங்கமரங்கள் போயின. அதற்கு எதிராகத் தீர்மானம் எதுவும் வந்ததாக நினைவில்லை, யானும் கொண்டுவரவில்லை.

தடையில்லாவிட்டால் கவலையற்றவனை எப்படித் தண்டிப்பது என்பது சங்கச் செயலாளரின் கேள்வி. சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. தன் வசமுள்ள பிராணியால் மனித உயிருக்கு அபாயமோ கடுங்காயமோ நேராதபடி தக்க எச்சரிக்கை கொள்ளத் தவறுதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவில் குற்றமாயிருந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவாக அதுவே தொடர்கிறது. மனிதனல்லாத எவ்வுயிரும் பிராணியே என்பது அச்சட்டத்தின் பொருள்வரையறை. ஆகவே தேனீ தப்பாது. இல்லாதது, தக்க எச்சரிக்கை என்பது யாது என்று வளர்ப்பவனுக்கு முன்கூட்டியே சொல்லும் ஒரு பக்கத் தாள். அது நம் நகரசபைகளிடமிருந்து வரவேண்டும். வரும்வரை தெருச் சங்கங்களே எழுதிக்கொள்ளலாம்.

எழுதியிருக்கிறேன். மேலே சொன்ன விதிகளை ஒரு தாளில் அடக்கி முதலில் அண்டை வீட்டு அம்மையாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கண்ணாடி அணிந்து முழுவதும் படித்தார். இரண்டு பெட்டி என்பதை ஒன்று என்று திருத்தினார். துணி உலர்த்தும் இடம் என்பதற்கு எதிரே, இருபது அடி என்று எழுதினார். நீர் வைக்கத் தவறினால் முதன்முறை எச்சரிக்கை, மறுமுறை பெட்டி நீக்கம் என்று ஒரு வரியும் சேர்த்தார். கையெழுத்திடவில்லை; மகனைக் கேட்டுச் சொல்வதாகக் கூறினார். சங்கம் தை மாதத்தில் மறுபடி கூடுகிறது. பெட்டி இப்பொழுது ஊருக்கு வெளியே ஒரு நண்பரின் தென்னந்தோப்பில் இருக்கிறது. ஞாயிறுதோறும் சைக்கிளில் சென்று சட்டி நீரை மாற்றிவிட்டு வருகிறேன். வியாழக்கிழமைகளில் நண்பரே மாற்றுகிறார்.